ஏர் ரைபிள் முனைப் பிளாஸ்டிக்: இழுக்க வேண்டாம், சூடாக்கித் திருகுங்கள்

குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் ஏர் ரைபிள்கள் பலவற்றில், குழல் முனையில் தடித்த பிளாஸ்டிக் உறை ஒன்று இருக்கும். மசில் பிரேக் என்று அழைக்கப்பட்டாலும், மடக்கும்போது கைக்குப் பிடி கொடுப்பதுதான் பெரும்பாலும் அதன் வேலை. குறி பார்க்க உதவும் முன் சைட்டும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கும். தொழிற்சாலையில் இதைப் பசையால் ஒட்டும்போது துளை மையத்திலிருந்து கொஞ்சம் விலகினாலும், வெளியேறும் பெல்லட் (சிறு ஈயக் குண்டு) உறையின் சுவரில் உரசித் திசை மாறும். 10 மீட்டரிலேயே குறி சிதறும். குழலை மடக்கித் திறந்து, உள்ளே பெல்லட் இல்லை என்று உறுதிசெய்த பிறகு, உறையின் உட்சுவரில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரே பக்கத்தில் மட்டும் ஈயக் கீறல் தெரிந்தால் உறையைக் கழற்றத்தான் வேண்டும்.

கழற்றுவதற்கு முன், முன் சைட்டின் அடியிலும் உறையின் கீழ்ப்புறத்திலும் தேடுங்கள். சிறிய கிரப் ஸ்க்ரூவோ (தலை இல்லாத திருகாணி) குறுக்குப் பின்னோ ஒளிந்திருக்கலாம். அதைக் கவனிக்காமல் திருகினால் குழலில் ஆழமான கோடு விழும்.

இனி பசைக்கு வருவோம். குழலின் விட்டம் 15 மி.மீ., ஒட்டிய நீளம் 50 மி.மீ. என்றால் ஒட்டுப்பரப்பு ஏறக்குறைய 2,350 சதுர மி.மீ. பசை முழுப்பரப்பிலும் பிடித்து, சதுர மில்லிமீட்டருக்கு 5 நியூட்டன் தாங்கினாலே, நேராக இழுக்க 1,200 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். அதே ஒட்டை 20 செ.மீ. கைப்பிடி உள்ள பட்டை ஸ்பேனரால் திருகினால் 45 கிலோ போதும். சூட்டில் பசையின் பலம் கால்பங்காகக் குறைந்தால் 11 கிலோவிலேயே உறை அசைந்துவிடும்.

எவ்வளவு சூடு? சாதாரண வெப்பத்தில் இறுகிய எபாக்சி பெரும்பாலும் 50 முதல் 70 டிகிரி செல்சியஸுக்குள் இளகத் தொடங்கும். ஃபெவிக்விக் வகைப் பசை 80 டிகிரியைத் தாண்டினால் வேகமாக வலுவிழக்கும், சூடான ஈரம் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கோ 105 டிகிரிக்குப் பக்கத்தில்தான் குழையும். இந்த இடைவெளிக்குள் வேலையை முடிக்கக் கொதிநீரே சிறந்தது. அது 100 டிகிரியைத் தாண்டவே தாண்டாது. ஹாட் ஏர் கன்னின் வாயில் பல நூறு டிகிரி இருக்கும். பிளாஸ்டிக் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்துவதால், உள்ளே பசை சூடாகும் முன்பே வெளித்தோல் உருகிவிடும். ஹாட் ஏர் கன்தான் கையில் இருக்கிறது என்றால், உறையைவிட்டு, அதை ஒட்டியுள்ள எஃகுக் குழலைக் குறைந்த சூட்டில் காட்டுங்கள். எஃகு வழியே பசைக்கு வெப்பம் போய்ச் சேரும்.

சூடு இன்னொரு உதவியும் செய்கிறது. 60 டிகிரி ஏறும்போது 15 மி.மீ. எஃகு 0.01 மி.மீ. தான் விரியும், ஏபிஎஸ் உறையின் துளை ஏறக்குறைய 0.07 மி.மீ. விரியும். கண்ணாடி இழை கலந்த நைலான் இதில் பாதிகூட விரியாது, அதனால் அது கூடுதல் பிடிவாதம் பிடிக்கும்.

உறைக்குச் சற்றுப் பின்னால் குழலை மரக்கட்டைகளுக்கு நடுவே வைஸில் பிடியுங்கள். துப்பாக்கியின் உடலைப் பிடித்துக்கொண்டு முனையைத் திருகினால் மடக்குக் கீல் கோணலாகும். முனை கீழே சாய்ந்திருந்தால் தண்ணீர் ஸ்பிரிங் பக்கம் ஓடாது. உறைமேல் பருத்தித் துணியைச் சுற்றி, நான்கைந்து நிமிடம் கொதிநீரைச் சிறுகச் சிறுக ஊற்றுங்கள். கையுறை போட்டு இருபுறமும் மாறி மாறித் திருகுங்கள். 'டக்' என்று அசைந்த பிறகு திருகிக்கொண்டே வெளியே இழுக்கலாம். அசையவில்லை என்றால் பலத்தைக் கூட்டாமல் மறுபடி சூடாக்குங்கள். காற்றழுத்தச் சிலிண்டர் உள்ள பிசிபி வகையில், காற்று முழுவதையும் வெளியேற்றாமல் சூடு காட்டவே கூடாது. கார்பன் டை ஆக்சைடு வகைக்கும் இதே விதிதான்.

கம்பியைத் துளைக்குள் விட்டுச் சுத்தியால் தட்டுவதுதான் மிக மோசமான வழி. குழலின் கடைசி விளிம்பில் ஒரு சிறு பிசிர் எழுந்தாலும் காற்று ஒருபக்கமாக வெளியேறி பெல்லட்டைச் சாய்த்துவிடும். அப்புறம் உறையைக் கழற்றியும் பயனில்லை.

உலோக உருளைப் பாகங்களை இறுக்கிப் பிடிக்கும் சில ரிடெய்னிங் பசைகள் இளக 250 டிகிரி வரை கேட்கும். பிளாஸ்டிக் அதைத் தாங்காது. அப்போது உறையைத் தியாகம் செய்யுங்கள். ஹேக்சா பிளேடால் நீளவாக்கில் அறுத்து, எஃகுக்கு அரை மி.மீ. முன்பே நிறுத்தி, வெட்டில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகினால் பிளந்துவிடும்.

குழலில் மிஞ்சிய ஃபெவிக்விக் வகைப் பசையை அசிட்டோன் கரைக்கும். எபாக்சியை வெந்நீரில் இளக்கி பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டலாம். அசிட்டோன் குழலின் ப்ளூயிங் கருமையை (எஃகின் மேல் உள்ள கருநிறப் பூச்சு) கெடுக்காது, எண்ணெயை மட்டும் எடுத்துவிடும். ஆகவே உடனே எண்ணெய் தடவுங்கள், குழலின் உட்பக்கத்தையும் துணியால் ஈரம் போகத் துடையுங்கள். வினிகரும் துரு நீக்கியும் கருமையையே தின்றுவிடும். ஏபிஎஸ் உறையை மறுபடி பயன்படுத்துவதாக இருந்தால் அதன் பக்கம் அசிட்டோனைக் கொண்டுபோகாதீர்கள்.

உறை இல்லாமல் சுடுவதானால் இரண்டு மாற்றங்கள் வரும். முன் சைட் போய்விடுவதால் ஸ்கோப் வேண்டும். கீலிலிருந்து கை பிடிக்கும் இடம் 50 செ.மீ.யிலிருந்து 42 ஆகக் குறைந்தால், மடக்க 19 சதவீதம் கூடுதல் பலம் தேவை. திரும்ப ஒட்டுவதானால் உறையின் உட்துளையைச் சற்று அகலமாக்கி, எபாக்சியை மெல்லிய கோடுகளாகத் தடவி, துளை மையத்தில் நிற்கிறதா, சைட் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு 24 மணி நேரம் தொடாமல் வையுங்கள்.