ஹார்ட் டிஸ்கைத் துடைப்பதற்கு முன்: பழைய பிளக்-இன் வைத்திருக்கும் ஸ்டுடியோக்காரர்களுக்கு

வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதற்குப் பத்து நாள் முன்பிருந்தே காட்பாடி, ஆற்காடு, ராணிப்பேட்டைப் பக்கத்துச் சின்ன ஸ்டுடியோக்களில் ஒரே வேலைதான். போன வருஷத்துப் பாட்டை எடு, உபயதாரர் பேரை மாற்று, தெருப் பேரை மாற்று, பம்பையைக் கொஞ்சம் தூக்கிவிடு, பென் டிரைவில் போட்டுக் கொடு. சரியாக அந்த நேரத்தில்தான் போன் வரும்.

“இன்னாண்ணா, புது சிஸ்டம் போட்டேன். பழைய புராஜெக்டைத் திறந்தா ஹைப்பர்சோனிக் காணோம்னு வருது. பாதி டிராக் ஊமையா கெடக்கு.”

பழைய சிஸ்டம் எங்கே தம்பி?

“எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டேன். ஃபார்மட் பண்ணித்தான் குடுத்தேன்.”

ஹைப்பர்சோனிக் ஒரு பிளக்-இன், அதாவது ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்குள் ஏறி வாத்தியமாகவோ எஃபெக்ட்டாகவோ வேலை செய்கிற சின்ன புரோகிராம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து இந்த மாதிரி அழைப்புகள் கூடிக்கொண்டே போகின்றன. சிஸ்டம் மாற்றுவது தப்பில்லை. மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய அரை நாள் வேலையை விட்டுவிடுவதுதான் தப்பு.

புராஜெக்ட் ஃபைலில் பாட்டு இருக்கிறது என்று நினைக்கிறீர்கள். மைக்கில் எடுத்த குரலும் தவிலும் மட்டும்தான் வேவ் ஃபைலாக ஆடியோ ஃபோல்டரில் இருக்கும். கீபோர்டில் வாசித்த ஸ்ட்ரிங்ஸ், ஃப்ளூட், பேஸ் எல்லாம் மிடி. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு அழுத்தம் என்ற குறிப்பு மட்டுமே அங்கே எழுதியிருக்கிறது. பக்கத்தில் ‘இதை வாசிக்க வேண்டியது இந்த பிளக்-இன்’ என்று ஓர் அடையாள எண்ணும், அதன் செட்டிங்கும் இருக்கும். அந்த பிளக்-இன் வரவில்லை என்றால் குறிப்பு கையில் இருக்கும், வாசிக்க ஆள் இருக்காது.

வராமல் போவது ஏன்? பழைய பிளக்-இன்களில் பல 32 பிட், புது ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்கள் 64 பிட். இனி, நூறு தடவை சொன்னாலும் மறுபடி வரும் கேள்வி: “நான் 24 பிட்டுலதானே ரெக்கார்ட் பண்றேன், 32 பிட் பிளக்-இன் அதைவிட ஒஸ்திதானே, அது ஏன் ஓடல?” இன்னும் சிலர் ரெக்கார்டிங் செட்டிங்கை 32 பிட் ஃப்ளோட் (தசமப் புள்ளி எண்) முறைக்கு மாற்றிவிட்டு, இனி பழைய பிளக்-இன் வந்துவிடும் என்று காத்திருக்கிறார்கள். 64 பிட் பிளக்-இன்னில் சத்தம் இரண்டு மடங்கு தெளிவு என்று வாடிக்கையாளரிடம் சொல்லிக் காசு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து இந்தக் குழப்பத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

கூத்தில் தாளம் என்றால் கையில் இருக்கும் வெண்கலத் தாளமும்தான், போடுகிற ஆதி தாளமும்தான். ஒரே சொல் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. பிட் என்ற சொல்லும் அப்படியே. ரெக்கார்டிங்கில் 24 பிட் என்பது ஒவ்வொரு சாம்பிளின் அளவையும் எத்தனை நுணுக்கமாக எழுதி வைக்கிறோம் என்பது. ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 6 டெசிபெல். 16 பிட்டுக்கு 96, 24 பிட்டுக்கு 144. அது ஒலியின் கணக்கு. பிளக்-இன் 32 பிட் என்பது ஒலியைப் பற்றியதே இல்லை. அந்த புரோகிராம் கம்ப்யூட்டரின் மெமரியில் இடத்துக்கு முகவரி எழுத எத்தனை இலக்கம் வைத்துக்கொண்டிருக்கிறது என்பது அது. 32 இலக்கத்தில் 4,29,49,67,296 முகவரிதான் எழுத முடியும், அதாவது 4 ஜிபி. அதற்கு மேல் நீங்கள் 32 ஜிபி ரேம் போட்டிருந்தாலும் அந்த பிளக்-இன்னுக்கு எட்டாது. ஆகவே ‘ரேம் போட்டா சரியாயிடும்’ என்று கடையில் சொன்னால் பணத்தைக் கொடுக்காதீர்கள். 32 பிட் பிளக்-இன்னும் உள்ளே ஃப்ளோட்டில்தான் கணக்குப் போடுகிறது. அதே பிளக்-இன்னின் 64 பிட் பதிப்பில் உங்கள் காதுக்குத் தெரிகிற வித்தியாசம் எதுவும் வராது.

சிக்கல் வேறு இடத்தில். 64 பிட்டாக ஓடுகிற ஒரு புரோகிராம், 32 பிட்டில் எழுதிய டிஎல்எல் ஃபைலை (பழைய பிளக்-இன்கள் இந்த வடிவத்தில்தான் இருக்கும்) தனக்குள் நேராக ஏற்றிக்கொள்ள விண்டோஸ் விடாது. அவ்வளவுதான் விஷயம். அதனால் டிஎல்எல் என்ற பின்னொட்டைப் புது பிளக்-இன் வடிவமான விஎஸ்டி3 என்று மாற்றி எழுதுவது, ஃபைலை 64 பிட் ஃபோல்டருக்கு நகர்த்துவது இரண்டுமே வீண்வேலை. பேரை மாற்றினால் உள்ளே இருக்கும் புரோகிராம் மாறாது.

பழியை விண்டோஸ் 11 மேல் போடுவதும் சரியில்லை. 32 பிட் புரோகிராம்கள் விண்டோஸ் 11-இல் இன்றும் ஓடுகின்றன. கதவைச் சாத்தியது ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்கள். புரோ டூல்ஸ் 11-உம் லாஜிக் புரோ எக்ஸும் 2013-இல், கியூபேஸ் 9 2016-இல், ஏபிள்டன் லைவ் 10 2018-இல் 32 பிட்டைக் கைவிட்டன. கியூபேஸ் எஸ்எக்ஸ் 3, கியூபேஸ் 5, நியூயெண்டோ 3 என்று பத்துப் பதினைந்து வருஷம் ஓட்டிவிட்டு ஒரே தாவலில் புதுசுக்கு வருகிறவர்களுக்கு இது எல்லாம் ஒரே நாளில் நடந்த மாதிரி தெரிகிறது. இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. விஎஸ்டி 2 என்ற பழைய பிளக்-இன் வடிவத்துக்கான எஸ்டிகே (பிளக்-இன் எழுதுகிறவர்களுக்கான கருவித் தொகுப்பு) தருவதை, கியூபேஸைச் செய்யும் ஸ்டெயின்பெர்க் 2018-இல் நிறுத்தியது. தன் சாஃப்ட்வேர்களில் அந்த வடிவத்தையே விலக்கப்போவதாக 2022 ஜனவரியில் அறிவித்தது. எனவே 64 பிட்டாகவே இருந்தாலும் விஎஸ்டி 2 என்றால் கியூபேஸ்காரர்கள் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

பழைய சிஸ்டம் இன்னும் மேஜை மேல் இருக்கிறதா? நல்லது. அதில் உட்காருங்கள்.

ஒவ்வொரு புராஜெக்டாகத் திறந்து, மிடி டிராக் ஒவ்வொன்றையும் தனித்தனி வேவாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். எல்லா ஃபைலும் பூஜ்ஜியத்திலிருந்தே தொடங்க வேண்டும், அந்த வாத்தியம் மூன்றாவது சரணத்தில்தான் வருகிறது என்றாலும். அப்போதுதான் எந்த சாஃப்ட்வேரில் போட்டாலும் எல்லாம் தானாக ஒரே கோட்டில் நிற்கும். புராஜெக்டின் சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் அதையே வையுங்கள், எம்பி3 வேண்டாம். மாஸ்டரில் இருக்கும் லிமிட்டரை (சத்தத்தின் உச்சத்தை அமுக்கும் எஃபெக்ட்) அணைத்துவிடுங்கள். பாட்டு முடிந்த பிறகு ரிவெர்ப் வால் அடங்க ஏழெட்டு விநாடி விடுங்கள். முகவீணைக்குப் போட்ட நீள ரிவெர்ப் கத்தரித்த மாதிரி நிற்பதற்கு இதை விட்டுவிடுவதுதான் காரணம். எஃபெக்ட்டோடு ஒன்று, எஃபெக்ட் இல்லாமல் ஒன்று என்று இரண்டு பதிப்பு இருந்தால் பின்னால் கைகட்டி நிற்க வேண்டியிருக்காது.

இடம் போதாது என்ற சாக்கு செல்லாது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ நிமிடத்துக்கு 17 எம்பி சொச்சம். ஐந்து நிமிடப் பாட்டு, 20 டிராக் என்றால் சுமார் 1.7 ஜிபி. நூறு பாட்டு ஒரு சாதாரண எக்ஸ்டர்னல் டிஸ்கில் அடங்கிவிடும்.

கூடவே மிடியையும் தனி ஃபைலாக எடுத்து வையுங்கள். டெம்போவை ஃபோல்டர் பெயரிலேயே எழுதுங்கள். பிளக்-இன்னுக்குள் நீங்கள் செய்த மாற்றத்தை எஃப்எக்ஸ்பி பிரீசெட்டாக (செட்டிங்கை வைத்திருக்கும் தனி ஃபைல்) சேமியுங்கள், அந்த ஜன்னலை ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். நாளை வேறு பிளக்-இன்னில் அதே சத்தத்தைக் கட்டும்போது அந்தப் போட்டோதான் கைகொடுக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகு புது சிஸ்டம். முதலில் பார்க்க வேண்டியது, அதே பிளக்-இன்னுக்கு அதைச் செய்தவர்கள் 64 பிட் பதிப்பு தந்திருக்கிறார்களா என்பது. விஎஸ்டி 2-இலேயே 64 பிட் கிடைத்தால் பெரும்பாலும் அடையாள எண் அதேதான். பழைய புராஜெக்ட் செட்டிங்கோடு திறந்துவிடும். விஎஸ்டி 3 மட்டும்தான் கிடைக்கிறது என்றால் அடையாளம் வேறு. செய்தவர்கள் இணைப்புக் கொடுத்திருந்தால்தான் தானாக மாறும், இல்லாவிட்டால் கையால் பிரீசெட் ஏற்ற வேண்டும்.

சில பிளக்-இன்களுக்கு 64 பிட் வரவே இல்லை, இனி வரப்போவதும் இல்லை. ஹைப்பர்சோனிக் 2-உம் எடிரோல் ஆர்கெஸ்ட்ரலும் அந்த வகை. சின்தெடிட் என்ற பிளக்-இன் கட்டும் சாஃப்ட்வேரில் செய்த பழைய இலவச பிளக்-இன்களிலும் நிறைய அப்படியே நின்றுவிட்டன. சவுண்ட்ஃபான்ட் (வாத்திய சாம்பிள்களை அடக்கிய எஸ்எஃப்2 ஃபைல்) வைத்திருப்பவர்கள் மட்டும் கவலைப்பட வேண்டாம். பழசாகிப்போனது பிளேயர்தான், எஸ்எஃப்2 ஃபைல் இல்லை. நீங்களே சாம்பிள் எடுத்துச் செய்த உடுக்கை, பம்பை எஸ்எஃப்2-ஐ சஃபோர்சாண்டோ என்ற இலவச 64 பிட் பிளேயரில் இழுத்துப் போட்டால் திறக்கும். இதற்குப் போய் பிரிட்ஜ் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

மற்றதற்குப் பிரிட்ஜ்தான். அது என்ன செய்கிறது? பழைய பிளக்-இன்னை வெளியே தனியாக ஒரு 32 பிட் புரோகிராமாக ஓட்டி, ஒலியை மட்டும் அங்கும் இங்கும் கடத்துகிறது. ரீப்பர் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரிலும் எஃப்எல் ஸ்டுடியோவின் விண்டோஸ் பதிப்பிலும் இது கூடவே வருகிறது. ரீப்பரில் செய்கிற முறை: டி டிரைவில் விஎஸ்டி32 என்று ஒரு ஃபோல்டர் போட்டு, 32 பிட் டிஎல்எல்களை அங்கே மட்டும் வையுங்கள். கன்ட்ரோல்-பி அழுத்தி, பிளக்-இன்ஸ் பகுதியில் விஎஸ்டி பக்கத்துக்குப் போய் அந்த ஃபோல்டரைச் சேருங்கள். கேஷை (முந்தைய ஸ்கேனின் பட்டியல்) துடைத்து ரீ-ஸ்கேன் கொடுங்கள். பிறகு எஃப்எக்ஸ் பட்டியலில் அந்த பிளக்-இன் மேல் ரைட் கிளிக், ரன் ஆஸ், அதில் டெடிகேட்டட் பிராசஸ். ‘செபரேட்’ என்று போட்டால் பழைய பிளக்-இன்கள் எல்லாம் ஒரே 4 ஜிபி வீட்டில் நெருக்கியடித்து உட்காரும், ஒன்று விழுந்தால் எல்லாம் விழும். ‘டெடிகேட்டட்’ என்றால் ஆளுக்கொரு வீடு.

கியூபேஸ்காரர்களுக்கு ஜேபிரிட்ஜ் என்ற தனி சாஃப்ட்வேர் விலைக்குக் கிடைக்கிறது. அது ஒவ்வொரு பழைய பிளக்-இன்னுக்கும் ஒரு சின்ன இணைப்பு டிஎல்எல் செய்து தரும். கியூபேஸுக்குக் காட்ட வேண்டியது அந்த இணைப்பு ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டரை மட்டும்தான். மூல டிஎல்எல் இருக்கும் ஃபோல்டரையும் சேர்த்து ஸ்கேன் விட்டால் பட்டியலில் குழப்பம் வரும். மூல ஃபைலைப் பிறகு நகர்த்தவும் கூடாது. இணைப்பு ஃபைல் அந்தப் பாதையைத்தான் தேடும். பணம் கட்டுவதற்கு முன் உங்கள் கியூபேஸ் பதிப்பு விஎஸ்டி 2-ஐ ஏற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேனில் தோற்றுப்போனால் உடனே பிளக்-இன் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பாதி நேரம் குறை விஷுவல் சி++ ரன்டைமில் (பிளக்-இன் ஓடுவதற்கு வேண்டிய மைக்ரோசாஃப்ட் ஃபைல்கள்) இருக்கும். புது விண்டோஸில் எம்எஸ்விசிஆர்100, எம்எஸ்விசிபி120 போன்ற ஃபைல்கள் தானாக இருக்காது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து 2010, 2013, அதற்கடுத்த பதிப்புகளை எடுத்துப் போடுங்கள். 32 பிட் பிளக்-இன்னுக்கு எக்ஸ்86 பதிப்பு வேண்டும். உங்கள் விண்டோஸ் 64 பிட் என்பதால் எக்ஸ்64 மட்டும் போதும் என்று விட்டுவிடுகிறவர்கள்தான் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். அந்த டிஎல்எல்லை மட்டும் ஏதோ ஒரு இணையதளத்தில் தேடி இறக்கி சிஸ்டம்32-இல் போடும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

சேமித்த பிரீசெட் மறுநாள் காணாமல் போகிறதா? பழைய பிளக்-இன்கள் தங்கள் சொந்த ஃபோல்டருக்குள்ளேயே எழுதும் பழக்கம் உள்ளவை. புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத விண்டோஸ் விடாது. சில சமயம் சத்தமில்லாமல் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற மறைவிடத்துக்குத் திருப்பிவிடும். டி டிரைவில் தனி ஃபோல்டர் என்று மேலே சொன்னது இதற்காகவும்தான். ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துச் சமாளிக்காதீர்கள். அப்படித் திறந்தால் எக்ஸ்ப்ளோரரிலிருந்து வேவை இழுத்துப் போடுவதுகூட வேலை செய்யாது.

4கே மானிட்டரில் பிளக்-இன் ஜன்னல் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தால், ரீப்பர் ஃபோல்டருக்குள் இருக்கும் ரீப்பர்_ஹோஸ்ட்32 ஃபைலின் பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பக்கத்துக்குப் போய் ஹை டிபிஐ அமைப்பை ‘சிஸ்டம்’ என்று மாற்றிப் பாருங்கள்.

பிரிட்ஜில் ஓடும் பிளக்-இன்னைப் பாடகர் காதில் ஓடவிட்டுக்கொண்டே டேக் எடுக்காதீர்கள். டேக்குக்கு பஃபர் (ஒலியை ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிளாகக் கடத்துவது என்ற அளவு) 128, அதாவது 48 கிலோஹெர்ட்ஸில் 2.7 மில்லி விநாடி. அந்த நேரத்தில் பிரிட்ஜ் திணறினால் கிளிக் சத்தம் குரலிலேயே பதிந்துவிடும். மிக்ஸிங்கில் 1024 வைத்து ஓட்டுங்கள், பிடித்த சத்தம் வந்ததும் ஆடியோவாக எழுதிவிட்டு பிளக்-இன்னை அணையுங்கள். பிரிட்ஜ் பழைய சத்தத்தை வெளியே எடுத்துவர மட்டும்தான், அதிலேயே குடியிருக்க இல்லை.

டாங்கிள் (லைசென்ஸுக்காக யுஎஸ்பியில் செருகும் சாவி) வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. டிரைவருக்குப் பிரிட்ஜ் கிடையாது. 32 பிட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஏறாது. விண்டோஸ் 11-இல் மெமரி இன்டக்ரிட்டி என்ற பாதுகாப்பு அமைப்பு ஆன் ஆகியிருந்தால் பழைய 64 பிட் டிரைவரையும் தடுக்கலாம். சிஸ்டம் மாற்றும் முன்பே இதை விசாரியுங்கள்.

மேக்கில் கதை சுருக்கம். 2019-இல் வந்த கேட்டலினா என்ற மேக்ஓஎஸ் பதிப்போடு 32 பிட் முழுக்கப் போய்விட்டது, அங்கே பிரிட்ஜும் இல்லை. எம் வரிசை மேக்கில் இன்டெல் காலத்து 64 பிட் பிளக்-இன்களை ரோசெட்டா என்ற ஆப்பிளின் மொழிபெயர்ப்பு புரோகிராம் ஓட்டும். மேக்ஓஎஸ் 27 வரைதான் அது முழுமையாக இருக்கும் என்று ஆப்பிள் 2025-இல் அறிவித்துவிட்டது. எனவே மேக்காரர்களுக்கும் எக்ஸ்போர்ட் வேலை இருக்கிறது.

பென் டிரைவில் கைமாறி வரும் ‘32, 64 எல்லாம் சேர்ந்த பேக்’ பற்றி: தொடாதீர்கள். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுப் போடு என்று சொல்கிற எதையும், நாலு கோயில் பாட்டும் சர்ச் கிறிஸ்துமஸ் பாட்டும் இருக்கும் மெஷினில் ஏற்றக் கூடாது.

ஏற்கெனவே ஃபார்மட் ஆகிவிட்டது என்பவர்கள் பதற வேண்டாம். புராஜெக்ட் ஃபோல்டர் மட்டும் பத்திரமாக இருந்தால், அதற்குள் ஃப்ரீஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். முன்பு எப்போதாவது டிராக்கை ஃப்ரீஸ் செய்திருந்தால் அந்த வாத்தியம் வேவாகவே அங்கே கிடக்கும். இல்லாவிட்டாலும் மிடி அப்படியே இருக்கிறது. அந்த டிராக்குகளுக்கு வேறு 64 பிட் வாத்தியம் போட்டு, போன வருஷம் கொடுத்த ஃபைனல் மிக்ஸைப் பக்கத்தில் ஓடவிட்டுக் காதால் ஒப்பிட்டுக் கட்டுங்கள். பேஸும் ஸ்ட்ரிங்ஸும் முதலில், மேலே வரும் ஃப்ளூட் கடைசியில். குரல் டிராக் ஆடியோ ஃபோல்டரில் முழுசாக இருக்கும். புதுப் பேர் வருகிற அந்த இரண்டு வரியைத் தவிர வேறு எதையும் பாடகர் மறுபடி பாட வேண்டியிருக்காது.