சீனக் கனரக இயந்திரங்கள்: கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை

கனரக இயந்திரங்களைக் கொள்முதலுக்கு முன் ஆய்வு செய்து அறிக்கை கொடுப்பது என் தொழில். சீனத் தயாரிப்பு என்றதுமே ஒதுக்கிவிடுகிறவர்களையும், விலை வித்தியாசத்தைப் பார்த்ததுமே கையெழுத்துப் போடுகிறவர்களையும் அடிக்கடி சந்திக்கிறேன். இரு தரப்பினரும் இயந்திரத்தைத் திறந்து பார்ப்பதில்லை.

சானி, எக்ஸ்சிஎம்ஜி, சூம்லயன், லியூகாங் ஆகியவை இன்று உலகச் சந்தையில் முன்வரிசை நிறுவனங்கள். கான்கிரீட் பம்புக்குப் பேர்போன ஜெர்மனியின் புட்ஸ்மைஸ்டரை 2012-இல் வாங்கியது சானிதான். எனவே தரத்தை நாட்டை வைத்து எடைபோடுவதைவிட உள்ளிருக்கும் பாகங்களை வைத்து எடைபோடுவதே சரி. ஒரே மாடல் எக்ஸ்கவேட்டர் (மண் தோண்டும் இயந்திரம்) ஒரு தொகுப்பில் ஜப்பானிய ஹைட்ராலிக் பம்புடனும் (எண்ணெய் அழுத்தத்தால் கைகளை இயக்கும் பம்பு) மற்றொன்றில் சீனப் பம்புடனும் வரக்கூடும். இரண்டுமே நன்றாக உழைக்கலாம். ஆனால் எது வருகிறது என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆய்வின்போது வயரிங் ஹார்னஸ் (மின்கம்பிக் கட்டு) சட்டகத்தில் உரசும் இடங்களில் உறையும் கிளிப்பும் இருக்கின்றனவா, கனெக்டரில் ரப்பர் சீல் சரியாகப் பொருந்தியிருக்கிறதா, சங்கிலிப் பட்டையைத் தாங்கி உருளும் ட்ராக் ரோலரின் விளிம்பில் எண்ணெய்க் கசிவு தெரிகிறதா என்று கவனியுங்கள். வேலைத்தளத்தில் வண்டியை நிறுத்திவிடுபவை பெரும்பாலும் இத்தகைய சில்லறைக் குறைகளே.

என்னைக் கேட்டால், தரத்தைவிடப் பெரிய சிக்கல் விற்பனைக்குப் பிந்தைய ஆதரவுதான். உதிரிபாகங்களின் எண் மாடலுக்கு மாடல் மட்டுமல்லாமல் சீரியல் எண்ணுக்கு ஏற்பவும் மாறுவதால், அந்த வண்டிக்கே உரிய பாகப் பட்டியலை வாங்கி வைத்துக்கொள்ளாதவர் தவறான சீல் செட்டுக்காகக் காத்துக்கிடக்க நேரும். டீலர் கிடங்கில் எந்தெந்தப் பாகங்கள் கையிருப்பில் உள்ளன என்பதை நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. திரையில் ஃபால்ட் கோடு (பழுதைக் குறிக்கும் எண்) வந்தால் அதைப் படிக்கும் மென்பொருளும் கடவுச்சொல்லும் யாரிடம் இருக்கும், டீலர்ஷிப் கைமாறினால் வாரண்டியை யார் ஏற்பார் என்பவற்றுக்கும் எழுத்துப்பூர்வமான பதில் தேவை.

பாதுகாப்பு அபாயத்தைப் பற்றி மிகைப்படுத்தலும் அலட்சியமும் சம அளவில் நிலவுகின்றன. இருப்பிடம், ஓடிய மணிநேரம், எரிபொருள் அளவு ஆகியவற்றை அனுப்பும் டெலிமேட்டிக்ஸ் கருவி பல நாட்டு இயந்திரங்களிலும் உண்டு. தொலைவிலிருந்து பூட்டும் வசதியும் அப்படியே. 2022-இல் உக்ரைனின் மெலிடோபோலிலிருந்து ரஷ்யப் படையினர் கொண்டுசென்ற, அமெரிக்காவின் ஜான் டீர் நிறுவன இயந்திரங்கள் அவ்வாறு முடக்கப்பட்டதாகச் செய்தி வந்தது நினைவிருக்கலாம். சீன நிறுவனங்களைப் பொறுத்தவரை கூடுதலாகக் கவனிக்க வேண்டியது, அரசின் உளவுப் பணிக்கு அமைப்புகள் ஒத்துழைக்க வேண்டும் என்று கூறும் அந்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம். அமெரிக்கத் துறைமுகங்களில் கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் கிரேன்களில் சுமார் 80 சதவீதம் சீனத் தயாரிப்பு. அவற்றின் இணையப் பாதுகாப்பை இறுக்கும் ஆணை 2024 பிப்ரவரியில் பிறந்தது. அதே ஆண்டில் வெளியான அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் விசாரணை அறிக்கை, சில கிரேன்களில் ஒப்பந்தத்தில் இல்லாத செல்லுலார் மோடம்கள் இருந்ததாகக் கூறியது. அபாயம் ஏதுமில்லை என்று தயாரிப்பாளர் மறுத்தார்.

கல்குவாரியில் மண் அள்ளும் வண்டிக்கு இவ்வளவு கவலை தேவையில்லை. அங்கே தவணை தவறினால் வண்டியைப் பூட்டும் அதிகாரம் யாருக்கு, எத்தனை நாள் முன்னறிவிப்புடன் என்பதே கேள்வி. துறைமுகமோ மின்நிலையமோ என்றால் மோடம், சிம் அட்டை அனைத்தின் பட்டியலையும் பெற்று வண்டியில் இருப்பவற்றோடு ஒப்பிட வேண்டும். கட்டுப்பாட்டு அமைப்பை அலுவலக நெட்வொர்க்கிலிருந்து பிரித்துவைப்பதும், உங்கள் அனுமதியின்றித் தொலைவிலிருந்து எந்த அப்டேட்டும் இறங்கக்கூடாது என்ற நிபந்தனையும் முன்பணம் செலுத்துவதற்கு முன்பே முடிவாகிவிட வேண்டியவை. பணம் போனபின் விற்பனையாளர் இவற்றுக்கு இணங்குவது அபூர்வம்.