நெரெவார் எப்படிச் செத்தார்?

மாரோவிண்ட் விளையாட்டை முதன்முறை ஆடியபோது கையில் கிடைத்த புத்தகங்களையெல்லாம் கடையில் விற்றுக் காசாக்கினேன். வாள் வாங்கப் பணம் வேண்டுமே. சில புத்தகங்களைத் திறந்த உடனே உங்கள் திறன் ஒன்று ஒரு புள்ளி கூடும். அந்தப் புள்ளி வந்ததும் படிக்காமலே மூடிவிட்டு அடுத்த கடைக்கு ஓடுவேன். அப்படி விற்றுத் தொலைத்தவற்றுக்குள் ஒரு கொலைகாரனின் ஒப்புதல் வாக்குமூலமும் இருந்தது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியவந்தது.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் மூன்றாவது விளையாட்டு மாரோவிண்ட். பெதஸ்டா நிறுவனம் 2002-இல் வெளியிட்டது. நடுவில் ரெட் மவுண்டன் என்ற எரிமலை நிற்கும் ஒரு தீவில், கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்ட கைதியாக நீங்கள் ஆட்டத்தைத் தொடங்குகிறீர்கள். கதைப்படி சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன்பு அந்த மலையில் ஒரு பெரும்போர் நடந்தது. ட்வெமர் என்ற இனம் மொத்தமும் ஒரே கணத்தில் காணாமல் போனது அந்தப் போரில்தான். அதையொட்டியே கைமர் இனத்தின் தலைவன் நெரெவாரும் இறந்துபோனான். அவனுடைய மறுபிறவி நீங்கள்தான் என்று சிலர் நம்புகிறார்கள். அப்படியானால் போன பிறவியில் எப்படிச் செத்தோம் என்று தெரிந்துகொள்ள ஆசை வருமா வராதா? கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

கோயில் என்று அழைக்கப்படும், தீவில் செல்வாக்கு மிகுந்த மத அமைப்பு நெரெவாரைப் புனிதர் என்று வணங்குகிறது. போரில் பட்ட காயங்களால் அவர் இறந்தார், அவருடைய ஆலோசகர்களான விவெக், அல்மலெக்சியா, சோத்தா சில் மூவரும் பின்னர் தெய்வங்களானார்கள் என்பது அதன் கதை. இந்த அல்மலெக்சியா நெரெவாரின் மனைவியும்கூட. சாம்பல் நிலத்தில் திரியும் நாடோடிகளைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். மலையின் அடியில் கிடைத்த ஒரு தெய்வ இதயத்தையும், அதிலிருந்து ஆற்றலைக் கறக்கும் கருவிகளையும் என்ன செய்வது என்று அஸுரா தேவியை அழைத்துக் கேட்க நெரெவார் ஒரு சடங்கு நடத்தினாராம். அந்தச் சடங்கிலேயே மூவரும் அவரைக் கொன்றார்களாம். அல்மலெக்சியா நஞ்சு மெழுகுவர்த்திகளால், சோத்தா சில் நஞ்சு அங்கியால், விவெக் நஞ்சேறிய மந்திரங்களால். மலைக்குள் இருக்கும் எதிரி டாகோத் ஊர் மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறான்: கருவிகளைக் காவல் காக்கச் சொல்லி என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டு, காத்து நின்ற என்னையே நெரெவார் வெட்டிச் சாய்த்தான். வடக்கத்தி நார்டுகளின் ரகசியப் பாட்டு ஒன்றிலோ போரே வேறு. மற்ற கதைகளில் எதிரெதிரே நின்ற கைமரும் ட்வெமரும் அதில் ஒரே அணி.

இதில் எது உண்மை என்று கேட்பதற்கு முன்னால், இத்தனை கதைகளை விளையாட்டு எப்படிச் சொல்கிறது என்று பார்த்துவிடலாம். அதன் கணினிப் பதிப்போடு கன்ஸ்ட்ரக்ஷன் செட் என்ற கருவியையும் கொடுத்தார்கள். விளையாட்டை உருவாக்கியவர்கள் பயன்படுத்தியதையே ஆடுபவர்களும் திறந்து பார்க்கலாம். உரையாடல் பகுதியைத் திறந்தால் தலைப்புகளின் பட்டியல் வரும். ஒவ்வொரு தலைப்பின் கீழும் பதில்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு பதிலோடும் சில நிபந்தனைகள் ஒட்டியிருக்கும்: பேசுபவர் எந்த இனம், என்ன தொழில், எந்த அமைப்பைச் சேர்ந்தவர், அதில் என்ன பதவி, எந்த ஊரில் நிற்கிறார், உங்கள் மேல் அவருக்கு எவ்வளவு பிரியம், கதையில் நீங்கள் எதுவரை வந்திருக்கிறீர்கள். நீங்கள் ஒரு தலைப்பைத் தொட்டதும் நிரல் மேலிருந்து கீழே இறங்கிவரும். எல்லா நிபந்தனையும் பொருந்தும் முதல் பதில் எதுவோ அதை எடுத்து அந்த ஆளின் வாயில் வைத்துவிடும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கோயிலைச் சேர்ந்த இருபது பூசாரிகளை இருபது ஊரில் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள், இருபது பேரும் எழுத்துப் பிசகாமல் ஒரே பதிலைச் சொல்கிறார்கள் என்றால், உங்களுக்குக் கிடைத்தவை இருபது சாட்சிகள் இல்லை. தரவுக் கோப்பில் இருக்கும் ஒரே ஒரு வரியை இருபது தடவை கேட்டிருக்கிறீர்கள்.

சிரிப்பாக இருக்கும், ஆனால் சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிப்பவர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் எச்சரிக்கையும் இதுவே. ஒரு மூல ஏட்டைப் பார்த்து எழுதிய பத்துப் படிகளில் ஒரே பாடம் இருந்தால் அது பத்து ஓட்டு ஆகாது. மூல ஏட்டின் பிழை பத்து மடங்கானதாகவும் இருக்கலாம். நிகழ்தகவுக் கணக்கும் ஒத்துப்போகிறது. தனித்தனியாகப் பார்த்த இரண்டு பேர் ஒரே பொய்யில் தற்செயலாக ஒத்துப்போவது அரிது. அதனால்தான் இரண்டாவது சாட்சி வந்ததும் நம் நம்பிக்கை கூடுகிறது. இரண்டாமவர் முதலாமவரிடம் கேட்டுச் சொல்பவர் என்றால் நம்பிக்கை கூட வேண்டிய அவசியமே இல்லை. எண்ணிக்கையை விட்டுவிட்டு, யார் யாரிடமிருந்து கேட்டார்கள் என்ற வழியைப் பார்க்க வேண்டும்.

நாடோடிகளின் கதைக்கு அப்படி ஒரு வழி உண்டு. நெரெவாரின் கூடவே நின்ற தோழன் அலாண்ட்ரோ சுல், போருக்குப் பின் அவர்களிடம் போய்த் தங்கி நடந்ததைச் சொன்னானாம். நேரில் பார்த்தவன்தான், ஆனால் ஒற்றைச் சாட்சி. அவன் சொன்னது எழுதப்படாமல் வாய்வழியாகவே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஓடிவந்திருக்கிறது. அந்த ஓட்டத்தில் என்ன ஆகும்? கேம்பிரிட்ஜில் ஃபிரெடெரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் இதைச் சோதித்து 1932-இல் எழுதினார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் பேய்க்கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, பிறகு நினைவிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னவர்களின் கதையில் மரத்தைக் குடைந்து செய்த ஓடம் சாதாரணப் படகாகியது. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாகியது. புரியாத இடங்கள் உதிர்ந்தன. யாரும் பொய் சொல்லவில்லை. தங்களுக்குப் பழகிய அச்சில் கதையை வார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். எனக்கு அந்த மெழுகுவர்த்தி, அங்கி, மந்திரம் மூன்றின் மேல் சந்தேகம் வருவது இதனால்தான். மூன்று பேர், மூன்று பொருள், மூன்றிலும் நஞ்சு. நினைவில் நிற்பதற்கென்றே செதுக்கிய வடிவம் அது. கொலை நடந்திருக்கலாம், ஆனால் இவ்வளவு ஒழுங்காக நடந்திருக்காது.

எந்தக் கதையை முதலில் கேட்கிறீர்கள் என்பதும் சேட்டை செய்யும். 1994-இல் ஜான்சன், சைஃபர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கிடங்குத் தீவிபத்து பற்றிய செய்திகளைத் துண்டு துண்டாகப் படிக்கக் கொடுத்தார்கள். ஓர் அறையில் பெயின்ட் டப்பாக்களும் கேஸ் சிலிண்டர்களும் இருந்தன என்று ஒரு துண்டு சொல்லும். அந்த அறை காலியாகத்தான் இருந்தது என்று பின்னால் வரும் துண்டு திருத்தும். படித்தவர்களுக்குத் திருத்தம் நன்றாக நினைவிருந்தது. ஆனால் புகை ஏன் அப்படி வந்தது என்று கேட்டபோது பலர் பெயின்டைத்தான் காட்டினார்கள். மனம் ஒரு காரணத்தைக் கட்டிவிட்டால், அந்த இடத்தை நிரப்ப வேறொரு காரணம் கிடைக்காதவரை பழையதை விடாது. கோயிலின் கதையைக் கேட்டு வளர்ந்த ஊருக்குள் நடந்துவிட்டுத்தான் நாடோடிகளின் கூடாரத்துக்கு நீங்கள் போகிறீர்கள். அவர்கள் சொல்வது உங்கள் காதில் எதிர்க்கட்சியின் குற்றச்சாட்டு மாதிரியே விழும்.

சரி, எப்படித்தான் பிரிப்பது? நான் முதலில் பார்ப்பது, ஒருவரையொருவர் அடித்துக்கொள்பவர்கள் எதில் ஒத்துப்போகிறார்கள் என்பதை. விவெக்கும் டாகோத் ஊரும் ஜென்மப் பகைவர்கள். விவெக் ஒரு கலகப் பூசாரியிடம் தந்த விளக்கம் விளையாட்டில் புத்தகமாகக் கிடைக்கிறது. கருவிகளை டாகோத் ஊரிடம் விட்டுவிட்டு நெரெவார் தங்களிடம் ஆலோசனைக்கு வந்ததாகவும், திரும்பிப் போனபோது அவன் கருவிகளைத் தர மறுத்ததாகவும், பலத்தால் பிடுங்கியதாகவும் அதில் சொல்கிறார். டாகோத் ஊர் சொல்வதும் ஏறக்குறைய அதேதான். ஒருவர் அதைப் பேராசை என்கிறார், மற்றவன் கொடுத்த வாக்கைக் காத்தேன் என்கிறான். நிகழ்வு பொது, அதற்கு ஒட்டிய பெயர்தான் வேறு. அந்த நிகழ்வைத் தாராளமாக நம்பலாம்.

அடுத்தது தடயம். விளையாட்டில் பார்க்கும் டார்க் எல்ஃப் ஒவ்வொருவருக்கும் சாம்பல் நிறத் தோல், சிவந்த கண்கள். கைமர் இனம் இப்படி மாறியது அஸுராவின் சாபத்தால். கருவிகளைத் தொடமாட்டோம் என்று அஸுரா பெயரில் செய்த சத்தியத்தை மீறியதற்காகச் சாபம் விழுந்தது என்கிறார் விவெக். கொலைக்காக விழுந்தது என்கிறார்கள் நாடோடிகள். தோல் நிறம் குற்றம் நடந்தது என்பதற்குச் சாட்சி. எந்தக் குற்றம் என்று அது வாய் திறக்காது. விவெக் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறார் என்பதைக் கவனியுங்கள். கண்ணெதிரே தெரியும் தடயத்துக்கு ஏதோ ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். இருப்பதில் சின்னக் குற்றத்தைச் சொல்லிவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

இன்னொன்று, தனக்கே கெடுதல் வரும் செய்தியை ஒருவர் பாதுகாத்து வைத்தால் அதற்கு எடை கூடும். நாடோடிகளின் கதையை எழுத்தில் வைத்திருப்பது யார் தெரியுமா? கோயில். அபோகிராஃபா என்று தன் அறிஞர்கள் மட்டும் படிக்கும் மறைநூல் தொகுப்பில் பூட்டி வைத்திருக்கிறது. வெறும் கட்டுக்கதை என்றால் எரித்திருக்கலாம், கேலி செய்து விட்டிருக்கலாம்.

எடையில் இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவது நான் கடையில் விற்ற புத்தகங்கள். விவெக்கின் 36 பாடங்கள் என்று ஒரு நூல்வரிசை தீவெங்கும் சிதறிக் கிடக்கிறது. எழுதியவர் விளையாட்டின் எழுத்தாளர்களில் ஒருவரான மைக்கேல் கிர்க்பிரைட். படித்தால் தலை சுற்றும். விவெக் ஒரு முட்டைக்குள் இருக்கும்போதே தெய்வமாக இருந்தார் என்று தொடங்கி, ஏணி வைத்தாலும் எட்டாத உயரத்துக்குத் தற்புகழ்ச்சி போகும். 29-ஆம் பாடத்தில் எண்களின் பட்டியல் ஒன்று வரும். பார்ப்பதற்கு எண் சோதிடம் மாதிரி இருக்கும். ஒவ்வொரு எண்ணும் ஒரு பாடத்துக்கு உரியது. அந்தந்தப் பாடத்தில் அத்தனையாவது சொல்லை எண்ணி எடுத்துக் கோத்தால் வாக்கியங்கள் எழுந்து நிற்கின்றன. அவற்றின் சாரம் இது: அவன் பிறவித் தெய்வம் இல்லை. விதி அவனை இந்தக் குற்றத்துக்கு இழுத்து வரவில்லை, தானாகத்தான் இந்த வழியைத் தேர்ந்தான். தெய்வத்தன்மையைத் திருடினான், நெரெவாரைக் கொன்றான். எழுதியது விவெக். போதாததற்கு 36-ஆம் பாடத்தில் பத்திகளின் முதல் எழுத்துகளை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்தால், கொடுங்கொலை என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் கிடைக்கும்.

மேலே ஓடும் உரை, பிறக்கும்போதே தெய்வம் என்கிறது. அதே சொற்களிலிருந்து பொறுக்கிய உரை, இல்லை என்கிறது. ஒரே புத்தகம் தன்னையே மறுக்கிறது. தன் நலனுக்கு எதிராகத் தானே சொல்லும் சொல்லுக்கு நீதிமன்றம் கொடுக்கும் மதிப்பை இதற்கும் கொடுக்கலாம் என்றால், நெரெவாரைக் கொன்றார்கள் என்பதே என் தீர்ப்பு. மெழுகுவர்த்தியை மட்டும் தள்ளுபடி செய்துவிடுகிறேன். ஆனால் என் தீர்ப்பிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. யாருமே கண்டுபிடிக்காமல் போகக்கூடிய வாக்குமூலம் வாக்குமூலமா, தன் திறமையில் மயங்கிய கவிஞனின் வித்தையா? நேரில் போய்க் கேட்டால் விவெக் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

இப்படி எழுதுவதற்குக் கலை ஆசையோடு தொழில் காரணமும் உண்டு. இதே வரிசையில் 1996-இல் வந்த டாகர்ஃபால் விளையாட்டுக்குப் பல முடிவுகள். ஒரு மாபெரும் இயந்திரப் பூதத்தின் ஆற்றலை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வரலாறு மாறும். அடுத்த விளையாட்டை எழுதும்போது எந்த முடிவை உண்மை என்று வைப்பது? ஒன்றை எடுத்தால் மற்றவர்கள் ஆடியது பொய்யாகிவிடும். எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தன, காலமே கொஞ்ச நேரம் முறிந்துபோயிருந்தது என்று எழுதிவிட்டார்கள்! அதற்கு டிராகன் முறிவு என்று பெயர். இன்னும் குறும்பு என்னவென்றால், முறிவும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை, பழைய அறிஞர்கள் ஆண்டுக் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று வாதாடும் ஒரு புத்தகத்தையும் மாரோவிண்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். முரணைத் தீர்க்க வந்த கொள்கைக்கே ஒரு முரண்.

நெரெவார் கதையில் முரண் உங்கள் கதாபாத்திரம் வரை வந்து நிற்கிறது. ஆட்டத்தின் தொடக்கத்தில் நீங்கள் சுமந்துபோகும் மறையெழுத்துக் கடிதத்தில், தெரியாத பெற்றோருக்குக் குறித்த நாளில் பிறந்தவர், உள்ளூர் மூடநம்பிக்கைக்கு வேண்டிய பொருத்தம் இருப்பதுபோல் தெரிகிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்கிற தொனியில் பேரரசரின் செயலாளர் எழுதுகிறார். மறுபிறவியா, பொருத்தம் பார்த்து அனுப்பிய ஆளா? உங்களுக்கு முன்னால் இதே பட்டத்துக்கு முயன்று தோற்றவர்களின் ஆவிகளை ஒரு குகையில் சந்திப்பீர்கள். அவர்களுக்கும் பொருத்தம் சரியாகத்தான் இருந்தது.

கடைசியில் எரிமலைக்குள் டாகோத் ஊர் முன்னால் போய் நிற்கும்போது அவனே கேட்கிறான்: நீ உண்மையிலேயே நெரெவாரா? ஆமாம், இல்லை, தெரியாது என்று பதில்கள் திரையில் வரும். எதைத் தொட்டாலும் அதற்கேற்ற ஒரு வரியைச் சொல்லிவிட்டு அவன் சண்டைக்கு வருவான். நான் ஆடிய ஒவ்வொரு முறையும் தெரியாது என்பதைத்தான் தொட்டிருக்கிறேன்.