டிரான்சிட்: கடப்பு என்றே எழுதுவோம்

வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளைக் கண்டுபிடித்ததாகச் செய்தி வந்தால், 'டிரான்சிட்' என்ற சொல்லைத் தமிழில் என்னவாக ஆக்கியிருக்கிறார்கள் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். கிரகணம், மறைப்பு, இடைநகர்வு என்று ஆளுக்கொன்றாக எழுதுகிறார்கள். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே போட்டால் 'போக்குவரத்து' என்று வரும், இல்லாவிட்டால் 'பெயர்ச்சி' என்று வரும். குருப்பெயர்ச்சியை ஆங்கில ஜோதிடத் தளங்கள் 'ஜூபிடர் டிரான்சிட்' என்று எழுதுவதால் வந்த குழப்பம் இது.

பெயர்தல் என்றால் இருந்த இடத்தை விட்டு வேறிடம் போவது. குரு ஒரு ராசியை விட்டு அடுத்த ராசிக்குப் போவதற்கு அது சரியான சொல்தான். வானியலில் நடப்பது வேறு. சிறிதாகத் தெரியும் ஒன்று, பெரிதாகத் தெரியும் ஒன்றின் முகத்துக்குக் குறுக்கே, நம் பார்வையில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போகிறது. லத்தீனில் 'டிரான்ஸ்' என்றால் குறுக்கே, அப்பால். 'ஈரே' என்றால் போதல். இரண்டும் சேர்ந்துதான் டிரான்சிட், அதாவது குறுக்கே கடந்து போதல்.

தமிழில் இதற்குக் 'கட' என்ற வேர் தயாராக இருக்கிறது. ஆற்றைக் கடக்கிறோம், சாலையைக் கடக்கிறோம். இலங்கையில் பாதசாரிக் கடவை, புகையிரதக் கடவை என்று இன்றும் சொல்கிறார்கள். கடவுச்சீட்டும் கடவுச்சொல்லும் இதே வேரில் வந்தவைதான். கடத்தல் என்று எழுதினால் ஆள்கடத்தலும் தங்கக் கடத்தலும் நினைவுக்கு வரும், இயற்பியலில் வெப்பக் கடத்தல் என்று ஏற்கெனவே ஒரு பொருளும் இருக்கிறது, அதனால் அது வேண்டாம். கடப்பு போதும். இடைநகர்வும் தவறான சொல் இல்லை, ஆனால் எதற்கும் எதற்கும் இடையில் என்ற கேள்வியை எழுப்பிவிடுகிறது.

இந்தச் சொல் வானியலில் புழங்கத் தொடங்கியது நம் சூரியனை வைத்துத்தான். வானியலாளர் கெப்ளர் முன்கூட்டியே கணித்துச் சொன்னபடி, 1631 நவம்பர் 7 அன்று புதன் சூரியனைக் கடந்ததைப் பாரிஸில் கசெண்டி பார்த்தார். 1639-இல் வெள்ளியின் கடப்பை இங்கிலாந்தில் ஹாரக்ஸும் அவர் நண்பர் கிராப்ட்ரீயும் பார்த்தார்கள். அப்புறம் புதுச்சேரியின் கதை ஒன்று உண்டு, அதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் கனத்துப் போகும். 1761 வெள்ளிக் கடப்பைப் பார்க்கப் பிரான்சிலிருந்து கப்பலேறிய வானியலாளர் லெ ஜென்டீல், புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் இறங்க முடியாமல் நடுக்கடலில், ஆடும் கப்பலில் மாட்டிக்கொண்டார், அங்கிருந்து அளவெடுக்க வழியில்லை. எட்டு ஆண்டுகள் இந்தப் பக்கமே தங்கி, புதுச்சேரியில் ஒரு நோக்ககம் கட்டி, 1769 ஜூன் 4 காலையில் காத்திருந்தார். அன்று பார்த்து மேகம் மூடிக்கொண்டது. அடுத்த கடப்பு 1874-இல்தான். அதற்கு முன், சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, நடக்கப்போவது என்ன என்று மக்களுக்கு விளக்கி, ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் சிறுநூல் கொண்டுவந்தார். எல்லாருக்கும் புரிகிற மொழியில் வானியலைச் சொல்ல வேண்டும் என்று 150 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் மெனக்கெட்டிருக்கிறார்.

சரி, புறக்கோளுக்கு வருவோம். சூரியக் குடும்பத்துக்கு வெளியே இருப்பதால் புறக்கோள். இங்கே கோளின் கரும்புள்ளியை யாரும் நேரில் பார்ப்பதில்லை, விண்மீனே ஒரு புள்ளியாகத்தான் தெரிகிறது. கோள் குறுக்கே போகும்போது அந்தப் புள்ளியின் ஒளி கொஞ்சம் குறைந்து, சில மணி நேரத்தில் மீள்கிறது. சூரியனளவு விண்மீனை வியாழனளவு கோள் கடந்தால் ஏறக்குறைய 1 சதவீதம் குறையும், பூமியளவு கோள் என்றால் 0.01 சதவீதம்கூடக் குறையாது. பெருங்கோள்கள் முதலில் சிக்கியதற்கு இதுவே காரணம். விண்மீனுக்கு மிக நெருக்கமாகச் சுற்றும் வெப்ப வியாழன் என்றால் இன்னும் வசதி, அதன் பாதை நம் பார்வைக் கோட்டில் அமையப் பத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. நம் வியாழனைத் தொலைவிலிருந்து பார்க்கும் ஒருவருக்கு அந்த வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று மட்டுமே, அதுவும் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் கடக்கும்.

1952-லேயே வானியலாளர் ஆட்டோ ஸ்ட்ரூவ் இப்படித் தேடலாம் என்று எழுதிவிட்டார். நடந்தது 1999-இல். பெகாசஸ் விண்மீன் குழுவில் உள்ள எச்டி 209458 என்ற விண்மீன் கோளின் ஈர்ப்பால் லேசாகத் தள்ளாடுவதை வைத்து, 3.5 நாளுக்கு ஒருமுறை அதைச் சுற்றும் கோள் ஒன்று இருப்பது தெரிந்திருந்தது. சார்போனோ குழுவினர் கொலராடோவில் வெறும் 10 செ.மீ. தொலைநோக்கியை அதன் பக்கம் திருப்பி, ஒளி சுமார் ஒன்றரை சதவீதம் குறைந்து மீள்வதைப் பதிவு செய்தார்கள். ஹென்றி குழுவினரும் அதே காலத்தில் தனியாக அதைக் கண்டார்கள். அதுவரை இந்தக் கோளின் நிறைக்குக் குறைந்தபட்ச மதிப்புதான் தெரியும். கடப்பு வந்ததும் பருமன் கிடைத்தது, பாதையின் சாய்வு கிடைத்தது, நிறை உறுதியாயிற்று, அடர்த்தியும் தெரிந்துவிட்டது: தண்ணீரில் பாதிகூட இல்லை. இவ்வளவையும் ஒரு சிறு தொலைநோக்கி பிடித்துத் தந்தது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

அடுத்து, இதே செய்திகளில் வரும் 'பிரைட் ஸ்டார்' என்பதில் உள்ள பிரைட். இங்கே அது விண்மீன் உண்மையில் எவ்வளவு ஒளி வீசுகிறது என்பதைக் குறிப்பதில்லை, நம் வானில் எவ்வளவு பொலிவாகத் தெரிகிறது என்பதையே குறிக்கிறது. அதனால் 'பொலிவான விண்மீன்' என்று எழுதலாம். வெறுங்கண்ணுக்கு எட்டும் எல்லை சுமார் 6 என்ற பொலிவெண், எண் கூடக் கூடப் பொலிவு குறையும். எச்டி 209458-இன் பொலிவெண் 7.7, பைனாகுலர் இருந்தால் பார்க்கலாம். கடப்பு வழியாகவே முதலில் தெரியவந்த ஓக்ல்-டிஆர்-56 பி என்ற கோளின் விண்மீனோ அதைவிட மூவாயிரம் மடங்குக்கு மேல் மங்கலானது. ஒளி அவ்வளவு குறைவாக இருந்தால் பெரிய தொலைநோக்கிக்கும் திணறல்தான். இன்னொன்று, கடப்பு பருமனைச் சொல்லும், நிறையைச் சொல்லாது. வியாழன், பழுப்புக் குறுமீன் (கோளுக்கும் விண்மீனுக்கும் இடைப்பட்டது), மிகச் சிறிய செங்குறுமீன் (சிவந்த சிறு விண்மீன்) எல்லாம் ஏறக்குறைய ஒரே பருமன் என்பதால், மறைத்தது எது என்று தெரிய, விண்மீனின் தள்ளாட்டத்தை அளந்து நிறையைக் கண்டுபிடித்தாக வேண்டும். அதுவரை அதை 'கேண்டிடேட்' என்பார்கள். அதை வேட்பாளர் என்று மொழிபெயர்க்க வேண்டாம், 'உறுதியாகாத கோள்' என்றாலே புரியும்.

இந்தப் பொலிவான விண்மீன்களைத் தேடி வானம் முழுக்க அலசத்தான் வாஸ்ப், ஹாட்நெட், கெல்ட் போன்ற திட்டங்கள் வந்தன. வாஸ்ப் திட்டம், கடையில் கிடைக்கும் 200 மி.மீ. குவியத் தூரமுள்ள கேமரா லென்ஸ்களை எட்டெட்டாகச் சேர்த்து ஸ்பெயினின் லா பால்மா தீவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வைத்தது, நூற்றுக்கும் மேற்பட்ட கோள்களைக் கண்டது. கெல்ட் லென்ஸின் வாய் 4.2 செ.மீ.தான். அது கண்டுபிடித்து 2017-இல் அறிவித்த கெல்ட்-9 பி கோளின் பகல் பக்கம் 4,000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது, பல விண்மீன்களைவிடச் சூடு. 2018-இல் ஏவப்பட்ட டெஸ் விண்கலம் இதே வேலையை விண்வெளியிலிருந்து செய்கிறது.

இனி மறைப்பு என்ற சொல். கோள் விண்மீனுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வது மறைப்பு. அப்போது கோளின் பங்கு ஒளி மட்டும் குறையும், அதிலிருந்து அதன் வெப்பத்தை அளக்கலாம், 2005-இல் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி முதன்முதலில் அப்படித்தான் அளந்தது. முன்னால் போனால் கடப்பு, பின்னால் போனால் மறைப்பு. கடப்பின்போது விண்மீன் ஒளியில் ஒரு துளி, கோளின் காற்று மண்டலத்தினூடே வடிகட்டப்பட்டு நம்மை வந்தடைகிறது. எச்டி 209458-இன் கோளான எச்டி 209458 பி-யில் சோடியம் இருப்பதையும், 2022-இல் வாஸ்ப்-39 பி என்ற கோளில் கரியமில வாயு இருப்பதையும் அந்தத் துளியை வைத்துத்தான் கண்டார்கள். இரண்டுக்கும் மறைப்பு என்றே எழுதினால், எது எப்போது அளக்கப்பட்டது என்று படிப்பவருக்கு விளங்காது.