கண்மாய்க் கரையிலிருந்து ஓர் ஊரை எண்ணுவது

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் ஒரு சின்ன விவசாய ஊரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் ஏற வேண்டியது கண்மாய்க் கரை. ஒரு பக்கம் உள்வாய், அதாவது தண்ணீர் நிற்கிற இடம். மறுபக்கம் பள்ளத்தில் வயக்காடு. கரையின் ஒரு முனையில், சற்று மேட்டில், வீடுகள். இந்தச் சமவெளி மேற்கிலிருந்து கிழக்கும் தென்கிழக்குமாக மிக மெல்லச் சரிகிறது. அந்தச் சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் மண் அணைத்து மழைநீரை நிறுத்தியதுதான் கண்மாய். வீடு எங்கே, களம் எங்கே, சுடுகாடு எங்கே என்பதெல்லாம் அந்தத் தண்ணீர் நிற்கும் மட்டத்தை ஒட்டியே அமைந்திருக்கும்.

கரையில் தண்ணீர் திறந்துவிடும் வழியான மடைக்குக் கீழே, தண்ணீர் தானாக இறங்கிப் பாயும் நிலமெல்லாம் நஞ்சை. அங்கே வீடு கட்டினால் ஒரு போக நெல் போகும். கரை உடைந்தால் வீடும் போகும். அதனால்தான் மடைத் தண்ணீர் ஏற முடியாத மேடு நத்தம், அதாவது குடியிருப்பு நிலம் ஆனது. குடிதண்ணீருக்குத் தனியாக ஊருணி. கண்மாய்த் தண்ணீரும் ஏறாத, குடியிருக்கவும் ஒதுக்காத நிலம் புஞ்சை. ஊர்ப்பெயரே பல நேரம் இதைச் சொல்லிவிடும். பெயர் ‘ஏந்தல்’ என்று முடிந்தால் அங்கே சிறிய கண்மாய் ஒன்று இருக்கும், அல்லது இருந்திருக்கும்.

ஒரு மாதிரி ஊரை எடுத்துக்கொள்வோம். பரப்பு 4 சதுர கிலோமீட்டர். ஆயக்கட்டு, அதாவது கண்மாயால் பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கர், கண்மாயின் நீர்ப்பரப்பு 60 ஏக்கர், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர். நத்தம் 10 ஏக்கர், மக்கள் 600 பேர். மொத்தப் பரப்பால் வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு 150 பேர். 2011 கணக்கெடுப்பில் தமிழகச் சராசரி 555. எனவே தாளில் இது ஆள் நெருக்கம் குறைந்த ஊர். ஆனால் வீடுகள் இருப்பது அந்த 10 ஏக்கரில் மட்டும்தானே? அதை வைத்து வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு 15,000 பேரைத் தொடும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளும், எதிரெதிரே மாட்டுவண்டி விலக இடமில்லாத சந்துகளும் நிலத்தட்டுப்பாட்டால் வந்தவை அல்ல. நஞ்சையில் ஒரு சென்ட்டைக்கூட வீணாக்கக் கூடாதென்று ஊரை ஒடுக்கிக் கட்டியதால் வந்தவை.

இனி தண்ணீர்க் கணக்கு. இந்தக் கண்மாய் நிறைந்தால் கொள்வது சுமார் 3.6 லட்சம் கன மீட்டர், கிட்டத்தட்ட 13 மில்லியன் கன அடி. ராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டியது. அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் விழுகிறது. விழுவதெல்லாம் கண்மாய்க்கு வந்துவிடாது. கரிசல் வெடிப்புகள் முதல் மழைகளை அப்படியே குடித்துவிடும். வெடிப்பு மூடிய பிறகு பெய்கிற கனமழைதான் ஓடிவரும். பருவ மழையில் 15 சதவீதம் வந்து சேர்வதாக வைத்தால், 500 மில்லிமீட்டர் மழைக்கு இந்தக் கண்மாய் நிறைய 5 சதுர கிலோமீட்டர் நீர்பிடிப்பு வேண்டும். ஊரின் பரப்பே 4 தான். ஆக இப்படிப்பட்ட கண்மாய் தன் ஊர் மழையை மட்டும் நம்பி இருக்க முடியாது. மேல் கண்மாய் நிறைந்து, மிகுநீர் வழியும் கலுங்கு பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. வைகைப் படுகையில் இப்படிச் சங்கிலியாய்க் கோத்த கண்மாய்களின் கடைசிப் பக்கத்தில் இருப்பது ராமநாதபுரம் பெரிய கண்மாய்.

நெல்லுக்கு ஒரு போகத்துக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். ஏக்கருக்குக் கணக்கிட்டால் 48 லட்சம் லிட்டருக்கு மேல். கண்மாய்த் தண்ணீரை மட்டும் வைத்து விளைவித்தால் 75 ஏக்கர்கூட முழுசாக விளையாது. ஆவியாவதையும் சேர்த்தால் இன்னும் குறையும். வெயிலில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்றால், 60 ஏக்கர் நீர்ப்பரப்பில் ஒரே நாளில் 12 லட்சம் லிட்டர் போய்விடும். நான்கு நாள் வெயில் ஒரு ஏக்கர் நெல்லைக் குடித்துவிடுகிறது.

பிறகு 100 ஏக்கர் எப்படி விளைகிறது? இங்கே ஆவணி, புரட்டாசியில் காய்ந்த நிலத்தில் புழுதி விதைப்பு. முதல் இரண்டு மாதத்தை மழை பார்த்துக்கொள்ளும். மழை ஓய்ந்த பின் கதிர் வெளிவந்து பால் பிடிக்கும் நாட்களுக்குத்தான் கண்மாய். அந்தக் கடைசித் தண்ணீர் கிடைக்காவிட்டால் பயிர் பச்சையாகவே நிற்கும், கதிரும் வந்திருக்கும், உள்ளே பதர். 90 நாள் உழைப்பும் வைக்கோலாகிவிடும். தண்ணீர் மிஞ்சுகிற ஆண்டில், அறுவடைக்குப் பின் ஈரம் காயுமுன்னே பருத்தியும் மிளகாயும் போட்டுவிடுவார்கள்.

மடை என்பது கரைக்கு அடியில் போகும் ஒரு துளை. அதன் இயல்பு ஒன்று ஊர்ச் சண்டை பலவற்றுக்குக் காரணம். துளை வழியே வரும் நீரின் அளவு மேலே நிற்கும் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதாவது ஆழம் நாலில் ஒன்றானால் பாய்ச்சல் பாதியாகும். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள துளைக்கு மேல் 2 மீட்டர் தண்ணீர் நின்றால் நொடிக்குச் சுமார் 66 லிட்டர் வரும். அரை மீட்டர் நின்றால் 33 லிட்டர். ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் கட்ட 2 லட்சம் லிட்டர் வேண்டும். நிறைகண்மாயில் அது 51 நிமிட வேலை, வற்றும்போது 1 மணி 42 நிமிட வேலை. வாய்க்காலில் கசிவது தனி. ஆகவே ‘ஏக்கருக்கு ஒரு மணி நேரம்’ என்று கடிகாரத்தை வைத்து முறை போட்டால், முதலில் பாய்ச்சியவருக்குக் கூடுதலும் கடைமடைக்காரருக்குப் பாதியும் கிடைக்கும். நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி என்று அழைக்கப்பட்டவர் மணியைப் பார்க்கவில்லை. வயலில் நின்ற தண்ணீரைப் பார்த்தே மடை மாற்றினார். பல ஊர்கள் பாசனக்காரர்களை விட்டுவிட்டு, நிலமில்லாத ஒருவரை அந்த வேலைக்கு வைத்துக்கொண்டதற்கும் காரணம் உண்டு. தன் வயலுக்குக் கூடுதல் விடும் ஆசை அவருக்கு இருக்காது.

இத்தனை தண்ணீர் எத்தனை பேரைத் தாங்கும்? ஏக்கருக்கு 1,500 கிலோ நெல், அரைத்தால் 65 சதவீதம் அரிசி என்று வைப்போம், 975 கிலோ. ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி என்றால் ஒரு ஏக்கர் 6 பேருக்குச் சற்று மேல். 100 ஏக்கர் 600 சொச்சம் பேர். நம் மாதிரி ஊரின் மக்கள்தொகையும் அதை ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் விளைச்சல் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1950-51ல் இந்தியச் சராசரி எக்டேருக்கு 668 கிலோ அரிசி, ஏக்கருக்கு 270 கிலோ. அந்த அளவில் இதே 100 ஏக்கர் 200 பேருக்குக்கூட அரிசி தராது. மீதிப்பேரைக் காப்பாற்றியது புஞ்சையில் விளைந்த வரகும் குதிரைவாலியும் கேழ்வரகும்.

அந்தத் தலைகளை அரசு எண்ணும் விதமும் கவனிக்க வேண்டியது. கணக்கெடுப்பின் அலகு வருவாய்க் கிராமம். அதற்குள் தாய்க் கிராமமும், அரை மைல் தள்ளிக் கிடக்கும் உட்கடைக் குடியிருப்புகளும் ஒரே எண்ணாகச் சேர்ந்துவிடும். ஊராட்சி வேறு அலகு. ஒரே ஊராட்சியில் இரண்டு மூன்று வருவாய்க் கிராமங்கள் இருக்கலாம். பரப்பை ஒன்றிலிருந்தும் தலைக்கணக்கை மற்றொன்றிலிருந்தும் எடுத்து வகுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. நிலமும் புல எண்ணும் இருக்கும், ஆனால் ஆள் இல்லாத கிராமங்களும் உண்டு. வருவாய்த் துறைப் பேச்சில் அவை ‘பேச்சிராக்’ கிராமங்கள். பாரசீகத்திலிருந்து வந்த சொல், விளக்கு எரியாத ஊர் என்று பொருள்.

2011ல் ஆட்களை எண்ணிய நாட்கள் பிப்ரவரி 9 முதல் 28 வரை. அந்த நாட்கள் முழுக்க ஊரில் இல்லாதவர் அந்த ஊர்க் கணக்கில் வரமாட்டார். நெல் அறுவடை முடிந்து வெளியூர் வேலைக்குக் கிளம்பும் பருவமும் அதுவே. வளைகுடாவில் இருப்பவர் எந்த ஊர்க் கணக்கிலும் இல்லை. ஆண்டில் 183 நாளுக்குக் குறைவாக வேலை கிடைத்தவர்கள் தனிப் பட்டியல். கண்மாய் நிறைந்து நெல்லும் பருத்தியும் விளைந்த ஆண்டில் ஒரு கூலித் தொழிலாளி முழு உழைப்பாளர் பட்டியலில் வருவார். நெல்லோடு நின்ற ஆண்டில் அதே ஆள் மற்றப் பட்டியலுக்குப் போய்விடுவார். ஆக உழைப்பாளர் எண்ணிக்கை கூடினாலோ குறைந்தாலோ, முந்தைய மழையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் குறைந்தால் ஆள் குறைவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆள் குறைந்தாலும் தண்ணீர் குறையும் என்பதைத்தான் நாம் போதிய அளவு பேசுவதில்லை. நம் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் 2 கிலோமீட்டர் இருக்கிறது, 2 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் மண் மேவியிருக்கிறது என்போம். அள்ள வேண்டியது 1,200 கன மீட்டர். ஒரு ஆள் நாளுக்கு 2 கன மீட்டர் வெட்டினால் 600 ஆள்நாள். 120 வீட்டில் வீட்டுக்கு ஒரு ஆள் என்றால் 5 நாளில் முடியும். இதுதான் குடிமராமத்து. இதைக் கட்டாயமாக வாங்க 1858லேயே சென்னை மாகாணத்துக்கென்று கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. இன்று பாதி வீடு பூட்டிக் கிடந்தால், இருக்கிற 60 வீட்டிலும் மண்வெட்டி பிடிக்க வேண்டியவர் 65 வயதுக்காரரென்றால், அந்த 600 ஆள்நாள் எங்கிருந்து வரும்? கால் மேவியதும் வரத்து குறையும். உள்வாய் காய்ந்த இடத்தில் சீமைக்கருவேலம் ஏறும். கரையில் எலி வளையும் நண்டு வளையும் அடைபடாமல் கிடக்கும். நிறைகண்மாயில் அந்த வளை வழியே கசிவு தொடங்கி, கலங்கிய நீராக மாறும். தெளிவாகக் கசிந்தால் பொறுக்கலாம். கலங்கி வந்தால் கரை மண் கரைகிறது என்று பொருள், அன்றிரவே மண்மூட்டை அடுக்க ஆள் வேண்டும்.

இயந்திரம் வைத்துச் செய்யலாம்தான். ஆயக்கட்டு 40 எக்டேருக்குக் கீழே இருந்தால் கண்மாயின் பராமரிப்பு பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. நம் 100 ஏக்கர் அந்த 40 எக்டேரைச் சற்றே தாண்டுகிறது என்பதால், இப்படிப்பட்ட எல்லைக்கோட்டு ஊர்களில் யார் பொறுப்பு என்பதை முதலில் பதிவேட்டில் பார்த்துக்கொள்வது நல்லது. உள்வாயில் 30 சென்டிமீட்டர் வண்டலை அள்ளினால் 15 ஏக்கர் நெல்லுக்கான தண்ணீர் கூடும். அதற்கு அள்ள வேண்டிய மண் 25,000 யூனிட்டுக்கு மேல் (ஒரு யூனிட் 100 கன அடி). எங்கே அள்ளுகிறார்கள் என்பதில்தான் ஊர் கண் வைக்க வேண்டும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்துத் தண்ணீர் மாட்டுக்கும் மீனுக்கும் ஆகும், வயலுக்கு ஏறாது. கரையை ஒட்டித் தோண்டினால் கரை சரியும். வரத்துக்காலைக் கண்மாய்த் தரையைவிட ஆழமாக வெட்டினால் தண்ணீர் காலிலேயே தேங்கி நிற்கும். மட்டக்குழாயில் தண்ணீர் நிரப்பிப் பிடித்து, மடை அடிமட்டத்தை ஒரு கல்லில் சுண்ணாம்புக் கோடாகப் போட்ட பிறகுதான் முதல் வாளி மண்ணை எடுக்க விட வேண்டும்.