முள்புதரில் ஓடும் மின்னோட்டம்

"பெருநகர முழுமைத் திட்டத்தின் வரைபடத்தில், அகலம் குறைந்த ஒரு முள்புதர்த் துண்டுக்குப் பச்சை அடித்து, கட்டடம் கூடாது என்று ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே அரிய மரமும் இல்லை, விலங்கும் இல்லை. எதை வைத்து அது முக்கியமான நிலம் ஆனது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

எந்த நிலத்தைக் காக்க வேண்டும் என்று கண்டறிய, இயன் மெக்ஹார்க் என்ற நிலவடிவமைப்பாளர் 1960களிலேயே மண், சரிவு, வெள்ளம், காடு என ஒவ்வொன்றையும் ஊடுருவித் தெரியும் தாளில் தனித்தனியாக வரைந்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார். இன்று அதைக் கணினி செய்கிறது. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். செயற்கைக்கோள் படத்தில் இரண்டையும் ஒப்பிட்டால் செடிகொடிகள் இருக்கும் இடம் தெரிந்துவிடும். மேகம் மறைக்கும் மழைக்காலத்தில் ரேடார் கைகொடுக்கும். கோடையில் வெறும் மண்ணாகக் கிடக்கும் குட்டைகள் அப்போதுதான் அகப்படும்.

ஆனால் எத்தனை தாள்களை அடுக்கினாலும் வாசகர் சொல்லும் முள்புதர் அதில் மதிப்பெண் வாங்காது. அதன் மதிப்பைக் காட்டுவது மின்சுற்று.

பிராட் மெக்ரே மின்பொறியியல் படித்துவிட்டுச் சூழலியலுக்கு வந்தவர். நிலத்தையே ஒரு சுற்றுப் பலகையாக எடுத்துக்கொண்டால் என்ன என்று அவர் யோசித்தார். வரைபடத்தின் ஒவ்வொரு சதுரமும் ஒரு மின்தடை. குளம் விட்டுக் குளம் போகும் ஒரு தவளைக்கு அதைக் கடப்பது எவ்வளவு கடினமோ அதற்கேற்ப, ஈரமான புல்வெளிக்கு 1, உழுத வயலுக்கு 10, சாலைக்கு 100 என்பதுபோல எண் கொடுக்க வேண்டும். ஒரு குளத்தில் 1 ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்தி, அடுத்த குளத்தைத் தரையோடு இணைத்துவிட்டால், மீதியைப் பள்ளிக்கூடத்தில் படித்த ஓம் விதியும் கிர்ச்சாஃப் விதிகளும் பார்த்துக்கொள்ளும்.

இதில் என்னை மயக்குவது ஒன்று உண்டு. குளத்தை விட்டுக் கிளம்பும் தவளையிடம் வரைபடம் இல்லை. எந்த வழி குறுகியது என்று அதற்குத் தெரியாது. ஒரு தாவல், சற்று நிற்றல், ஈரம் தெரிந்த பக்கம் இன்னொரு தாவல், சில சமயம் வந்த வழியே திரும்பல். இப்படி மனம்போன போக்கில் அலையும் ஆயிரமாயிரம் தவளைகளில், திரும்பியவற்றைக் கழித்தபின் ஒவ்வொரு சதுரத்தையும் எத்தனை கடக்கும் என்பதைக் கணிக்கும் சமன்பாடும், அங்கே எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பதைச் சொல்லும் சமன்பாடும் ஒன்றேதான்! உவமையாகத் தொடங்கியது கணிதத்தில் அச்சுப் பிசகாமல் பொருந்திவிடுகிறது.

விடையைப் படமாக வரைந்தால், அகன்ற புல்வெளியில் மின்னோட்டம் பரவி மங்கலாகத் தெரியும். இரண்டு குடியிருப்புகளுக்கு நடுவே எஞ்சிய முப்பது மீட்டர் புதரில் அத்தனையும் நெருக்கியடித்துக்கொண்டு பாய்வதால் அந்த இடம் பளீரென்று ஒளிரும். வாசகர் கேட்ட துண்டு அநேகமாக அப்படிப்பட்ட கழுத்துப் பகுதியாக இருக்கும். அங்கே எது குடியிருக்கிறது என்பதைவிட, அதன் வழியே எது போகிறது என்பதுதான் கணக்கு.

வெறும் கணினி விளையாட்டு அல்ல இது. வட அமெரிக்காவின் வுல்வரீன் என்ற விலங்கிலும், மத்திய அமெரிக்காவின் மஹோகனி மரத்திலும் மரபணு வேறுபாடுகளை இந்த முறை பழைய முறைகளைவிட நன்றாக விளக்கியதாக மெக்ரேயும் பால் பையர் என்ற ஆய்வாளரும் 2007இல் காட்டினார்கள்.

பலவீனம் அந்த 1, 10, 100இல் இருக்கிறது. சாலையைக் கடப்பது தவளைக்கு எவ்வளவு கடினம் என்பதை, மழை இரவில் கைவிளக்கோடு சாலையோரம் உட்கார்ந்து எண்ணியவர்தான் சொல்ல முடியும். செயற்கைக்கோளுக்குக் கோடிகளைக் கொட்டுகிறோம், சரிதான். அதில் ஒரு துளியை இப்படிக் கள ஆய்வு செய்பவர்களுக்கு ஆண்டுதோறும் தடையில்லாமல் கொடுத்தாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கொடுக்காவிட்டால் அந்த எண்கள் மேசையில் உட்கார்ந்து போட்டவையாகவே இருக்கும்.

திட்டம் போடுபவர்கள் இன்னொன்றும் செய்யலாம். அந்தத் துண்டில் கட்டடம் வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, தடையை உயர்த்திக் கணக்கை மறுபடி ஓட்டுவது. சமமான இரண்டு வழிகள் பக்க இணைப்பில் இருந்து ஒன்று அடைபட்டால், மொத்தத் தடை இரு மடங்காகும். மின்னோட்டம் முழுவதும் மிஞ்சிய வழியில் விழும். இருந்த ஒரே வழியும் முழுவதுமாக அடைபட்டால், அடுத்த குளம் வரைபடத்தில் இருண்டுபோகும்.