ஓப்பனிங் படிக்கும் பிள்ளைக்கு முழு ஆட்டத்தைக் காட்டுங்கள்

போன கோடை விடுமுறையில் புதுச்சேரியில் நடந்த ஒரு சிறுவர் செஸ் போட்டிக்கு எங்கள் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேரைக் கூட்டிப் போனேன். கடலூரிலிருந்து காலை ஆறரை மணி பஸ். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒன்பது வயதுப் பையன் கண்ணை மூடிக்கொண்டு வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல மூவ்களை முணுமுணுத்துக்கொண்டே வந்தான். ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் ஒரு ஓப்பனிங்கை, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் மூவ்களின் வரிசையை, பத்துப் பன்னிரண்டு மூவ் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டான். எங்கள் வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்பு யூடியூப் பார்த்துப் படித்தவன்.

முதல் ரவுண்டு தொடங்கிக் கால் மணி நேரத்தில் வெளியே வந்து நின்றான். மூவ்களை எழுதி வைக்கும் நோட்டேஷன் தாளை வாங்கிப் பார்த்தேன். அதில் எழுத்து பலகையின் நெடுக்கு வரிசையையும் எண் குறுக்கு வரிசையையும் சொல்லும். வெள்ளை இ4, கருப்பு இ5. குதிரை எஃப்3, குதிரை சி6. பிஷப் சி4. இதுவரைக்கும் இவன் படித்ததேதான். மூன்றாவது மூவில் எதிராளி, ஏழு வயதுக் குட்டிப் பையன், எச்6 என்று ஓரத்துச் சிப்பாயைத் தள்ளியிருக்கிறான். அடுத்ததாக இவன் எழுதியிருந்தது குதிரை ஜி5. அந்த ஓரத்துச் சிப்பாய் நேராகக் குதிரையை வெட்டிவிட்டது.

"ஏன் தம்பி அங்கே வைத்தாய்?"

"நாலாவது மூவ் அதுதான் சார்."

அவன் சொன்னது பொய்யில்லை. கருப்பு மூன்றாவது மூவில் குதிரையை எஃப்6இல் வைத்தால், வெள்ளைக் குதிரை ஜி5க்குப் போகலாம். பிஷப்பும் குதிரையும் சேர்ந்து எஃப்7 சிப்பாயைத் தாக்கும். அந்த எஃப்7ஐ ராஜாவைத் தவிர வேறு காய் எதுவும் காப்பதில்லை. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த தாக்குதல் இது. எதிரே இருந்த குட்டிப் பையன் எச்6 வைத்ததே குதிரை ஜி5க்கு வரக்கூடாது என்பதற்காகத்தான். ஜி5 எதற்கு என்று தெரிந்திருந்தால் எச்6 எதற்கு என்பதும் எங்கள் பையனுக்குத் தெரிந்திருக்கும். அவன் மூவை மட்டும்தான் படித்திருந்தான்.

மதியம் அவன் அம்மாவுக்கு போன் செய்தேன். "இன்னும் ரெண்டு ஓப்பனிங் சேர்த்துச் சொல்லிக் குடுத்தா சரியாயிடுமா சார்?" என்று கேட்டார். பெற்றோரில் முக்கால்வாசிப் பேர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சரியாகாது. பிள்ளைக்கு இப்போது தேவை ஒரு முழு ஆட்டம். தொடக்கத்திலிருந்து செக்மேட் வரைக்கும், பலகையில் கையால் காய்களை நகர்த்தி, ஒவ்வொரு மூவுக்கும் "இது எதற்கு?" என்று கேட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஓப்பனிங்கில் வைக்கும் ஒரு மூவின் அர்த்தம் பெரும்பாலும் இருபது மூவ் கழித்துத்தான் வெளியே தெரியும். பன்னிரண்டாவது மூவோடு புத்தகத்தை மூடிவிட்டால் அது கண்ணில் படவே படாது.

நான் எந்தப் பிள்ளைக்கும் முதலில் காட்டுவது 1858இல் பாரிஸ் ஓபரா அரங்கத்தில் ஆடிய ஆட்டம். அமெரிக்காவின் பால் மார்ஃபி வெள்ளை. எதிரே ஜெர்மன் கோமகன் ஒருவரும் பிரெஞ்சுப் பிரபு ஒருவரும் சேர்ந்து யோசித்துக் கருப்பை ஆடினார்கள். மொத்தமே 17 மூவ். கருப்பு ஆடியது ஃபிலிடோர் டிஃபென்ஸ். சிப்பாய்கள்தான் சதுரங்கத்தின் உயிர் என்று சொன்ன பிரெஞ்சுக்காரர் ஃபிலிடோரின் பெயரால் வழங்கும் ஓப்பனிங் அது. அவருடைய செஸ் புத்தகம் 1749இல் வந்தது. டூப்ளே புதுச்சேரியில் கவர்னராக இருந்த காலம். கடற்கரைச் சாலையில் டூப்ளே சிலையைப் பார்த்திருக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் அந்தப் பெயர் மறப்பதே இல்லை.

இந்த ஆட்டத்தில் நான் ரொம்ப நேரம் நிற்கும் இடம் எட்டாவது மூவ். வெள்ளை ராணி பி3இல் நிற்கிறது. பிஷப்போடு சேர்ந்து எஃப்7ஐயும், தனியாக பி7 சிப்பாயையும் பார்க்கிறது. கருப்பு ராணி இ7க்கு வந்து எஃப்7ஐக் காப்பாற்றிவிட்டது. பி7 அனாதையாக நிற்கிறது. "இப்போ என்ன வைக்கலாம்?" என்று கேட்டால் வகுப்பே கத்தும்: "பி7ஐ வெட்டலாம் சார்!"

வெட்டலாம், ஒரு சிப்பாய் லாபமும் உண்டு. ஆனால் கருப்பு ராணி பி4க்கு வந்து செக் கொடுக்கும், ராணிகள் இரண்டும் பலகையை விட்டுப் போய்விடும், ஆட்டம் ஆறிப்போகும். மார்ஃபி சிப்பாயைத் தொடவில்லை. வீட்டில் உட்கார்ந்திருந்த இன்னொரு குதிரையை சி3க்குக் கொண்டுவந்தார். அந்தக் கட்டத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். சும்மா கிடைக்கும் காயை ஒருவர் எடுக்காமல் விடுவார் என்று அவர்கள் அதுவரை நினைத்ததே இல்லை.

பிறகு நடப்பதெல்லாம் அந்த மூவிலிருந்து வருவது. வெள்ளையின் காய்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன, ராஜாவும் யானையும் ஒரே மூவில் நகரும் காஸ்லிங் நடக்கிறது, இரண்டு யானைகளும் டி வரிசைக்கு வருகின்றன. 16ஆவது மூவில் மார்ஃபி ராணியையே பி8இல் கொடுத்துவிடுகிறார். 17ஆவது மூவில் டி8இல் யானை, செக்மேட். அப்போது வெள்ளையிடம் ராஜாவையும் சிப்பாய்களையும் விட்டால் ஒரு யானையும் ஒரு பிஷப்பும்தான் மிச்சம். கருப்பிடம் ராணி, யானை, பிஷப், குதிரை எல்லாம் இருக்கின்றன. கருப்பின் அந்த யானையும் பிஷப்பும் ஆட்டம் முழுக்க வீட்டைவிட்டு நகரவே இல்லை. அதை நான் சொல்வதில்லை. "கருப்பில் எந்தெந்தக் காய் நகரவே இல்லை, தொட்டுக் காட்டு" என்பேன். பிள்ளை விரலால் எஃப்8ஐயும் எச்8ஐயும் தொடும்போது, காய்களை வெளியே கொண்டுவருவது எதற்கு என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

புதுச்சேரிப் பையனின் ஆட்டத்துக்கு இங்கே பதில் இருக்கிறது. எதிராளி ஓரத்தில் ஒரு மூவை வீணாக்கினால் நடுவைத் திற, காய்களை வெளியே எடு. எச்6க்கு டி4 வைக்கலாம், காஸ்லிங் செய்யலாம், இரண்டுமே நல்ல மூவ். அடுத்த ஞாயிறு முழுக்க அவனோடு இந்த ஒரு ஆட்டத்தில்தான் உட்கார்ந்தேன்.

சின்னப் பிள்ளைகளுக்குச் சரி, போட்டிகளில் ஆடி ரேட்டிங் என்ற தரப்புள்ளி வாங்கிய பிள்ளைகளுக்கும் இது போதுமா என்று கேட்பார்கள். அவர்களுக்கு இரண்டு ஆட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். 1907இல் லோட்ஸ் நகரில் ராட்லெவியை ரூபின்ஸ்டைன் கருப்பில் ஆடி வென்றது ஒன்று. 2013 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஜீ போட்டியில் ஆரோனியனை நம் ஆனந்த் கருப்பில் ஆடி வென்றது இன்னொன்று. நடுவில் நூறு வருஷத்துக்கு மேல். ஓப்பனிங்கும் வேறு வேறு. ஆனால் இரண்டிலும் கருப்பின் இரண்டு பிஷப்புகளும் அடுத்தடுத்த மூலைக்கோடுகளில் நின்று வெள்ளை ராஜாவின் வீட்டைப் பார்க்கின்றன, ஒரு குதிரை ஜி4இல் ஏறி நிற்கிறது. ரூபின்ஸ்டைன் வெட்டுப்படும் ராணியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், யானையால் சி3 குதிரையை வெட்டினார். ஆனந்தும் வெட்டுப்படும் காய்களைக் காப்பாற்ற நேரம் செலவழிக்கவில்லை. பிஷப்பை சி5க்குக் கொண்டுவந்தார், அடுத்து இன்னொரு குதிரையை இ5இல் வைத்தார். 23 மூவில் ஆட்டம் முடிந்தது. நல்ல ஆட்டம் ஒன்றை ஊன்றிப் படித்தவனுக்கு, அதே உருவம் வேறொரு ஓப்பனிங்கில் வந்தாலும் கண்ணில் படும்.

மூன்றாவதாக நான் விடாமல் காட்டுவது 1938இல் நெதர்லாந்தில் நடந்த ஆவ்ரோ போட்டியில் பாட்வின்னிக் வெள்ளையில் ஆடி கேப்பாபிளாங்காவை வென்ற ஆட்டம். நிம்சோ இந்தியன் ஓப்பனிங். நெய்வேலியிலிருந்து வரும் பிளஸ் டூ மாணவி ஒருத்தி இதைப் படிக்கும்போது ஐந்தாவது மூவிலேயே நிறுத்திவிட்டாள். "சார், கருப்பு தானாவே பிஷப்பைக் குடுத்துக் குதிரையை வெட்டுதே, ஏன்?"

ஓப்பனிங் புத்தகம் இதற்குச் சொல்லும் பதில்: வெள்ளையின் சி வரிசையில் இரண்டு சிப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக்கொள்ளும், அது பலவீனம். சரியான பதில்தான். ஆனால் இந்த ஆட்டத்தில் பாட்வின்னிக் இரண்டே மூவில் முன்னால் நின்ற சி சிப்பாயை டி5இல் பரிமாறி அந்தப் பலவீனத்தை இல்லாமல் செய்துவிட்டார். கருப்பு கொடுத்த பிஷப் மட்டும் திரும்பி வரவில்லை. அப்புறம் கருப்பு ராணி ஓரத்துக்குப் போய் ஏ4 சிப்பாயை வெட்டுகிறது. அதே நேரத்தில் வெள்ளை நடுச் சிப்பாயை இ4, இ5 என்று ஏற்றுகிறது. "ஓரத்தில் ஒரு சிப்பாய், நடுவில் ஒரு சிப்பாய், எது பெரிசு?" என்று கேட்டுவிட்டு நான் பேசாமல் இருப்பேன்.

30ஆவது மூவில் பாட்வின்னிக் பிஷப்பை ஏ3இல் வைக்கிறார். கருப்பு ராணியின் பாதையில் சும்மா கொண்டுபோய் நிறுத்துகிறார், வெட்டிக்கொள் என்று. ராணி வெட்டினால் அது காத்து நின்ற நடுப்பக்கம் திறந்துவிடும், இ வரிசைச் சிப்பாய் ராணியாகப் புறப்பட்டுவிடும். அந்தப் பெண் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இது கருப்புக் கட்டத்து பிஷப் சார். கருப்பு அஞ்சாவது மூவ்ல குடுத்ததும் இதே கட்டத்து பிஷப்தான்" என்றாள். அதை எதிர்க்க ஆள் இல்லாமல் போனது ஐந்தாவது மூவில், அதற்கான விலையைக் கருப்பு கொடுத்தது முப்பதாவது மூவில். அவளாகவே கண்டுபிடித்தது அது. இந்த ஓப்பனிங்கில் பிஷப்பை எப்போது கொடுக்கலாம், எப்போது யோசிக்க வேண்டும் என்று அவளுக்கு இனி யாரும் பட்டியல் போட்டுத் தர வேண்டாம்.

மூவ்களைக் கணக்குப் போட்டுச் சொல்லும் கணினி நிரலான என்ஜின் பற்றியும் சொல்ல வேண்டும். போனில் என்ஜினைப் போட்டால் எந்த மூவ் நல்லது என்று எண் காட்டும், ஏன் என்று சொல்லாது. பிள்ளை அந்த எண்ணைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அடுத்த மூவுக்குப் போய்விடும். நான் என்ஜினுக்கு எதிரியில்லை. முதலில் பிள்ளை தன் யோசனையை நோட்டில் எழுதட்டும், என்ஜின் கடைசியில் வரட்டும் என்கிறேன். குகேஷை ஆரம்ப வருஷங்களில் அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா என்ஜின் இல்லாமல்தான் வளர்த்தார்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, சிங்கப்பூரில் குகேஷும் திங் லிரேனும் உலகப் பட்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். இங்கே கரண்ட் இல்லை. பின்னாலேயே தென்பெண்ணை வெள்ளம் வந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை. எங்கள் தெருப் பிள்ளைகள் நான்கு பேர் என் வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்தார்கள். லேப்டாப்பும் இல்லை, போனில் சார்ஜும் இல்லை. பலகையில் ராஜாக்களையும் சிப்பாய்களையும் மட்டும் வைத்து, எந்த ராஜா எந்த ராஜாவுக்கு வழிவிட வேண்டும் என்று மணிக்கணக்கில் ஆடினோம். டிசம்பர் 12 அன்று கடைசி ஆட்டம். 55ஆவது மூவில் திங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் யானைகளைப் பரிமாறினார், பிஷப்புகளையும் பரிமாற வைத்தார். மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும். அது யாருக்கு ஜெயிப்பு என்று அந்த நான்கு பேருக்கும் கமென்ட்ரி இல்லாமலே தெரிந்தது. அன்றைய ஓப்பனிங் என்ன என்று அவர்கள் யாருமே கேட்கவில்லை.

வீட்டில் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். செஸ் தெரியாத அப்பா அம்மாவும் செய்யலாம். ஒரு நல்ல ஆட்டத்தின் மூவ்களைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து அந்தத் தாளின் மேல் வைத்து மூடிவிடுங்கள். வெள்ளையின் ஒவ்வொரு மூவுக்கும் முன்னால் பிள்ளை தான் வைக்க நினைப்பதையும், அதற்கு ஒரு காரணத்தையும் நோட்டில் எழுதட்டும். எழுதி முடித்த பிறகு பத்திரிகையை ஒரு வரி கீழே இறக்குங்கள். பிள்ளை எழுதியதும் ஆட்டத்தில் வந்ததும் ஒத்துப்போகாத இடங்களில் பென்சிலால் ஒரு வட்டம் போடுங்கள், திட்ட வேண்டாம். வாரத்துக்கு ஒரு ஆட்டம் போதும். அந்த வட்டங்களை மட்டும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், நாங்கள் அங்கிருந்து தொடங்கிக்கொள்கிறோம்.